1873 கார்பைன் துப்பாக்கிக்கு மூலக் கருமருந்தளவு 55 கிரெய்ன்: தோட்டாக் கூட்டில் எஞ்சும் வெற்றிடத்தை என்ன செய்வது?

கேள்வி:
என்னிடம் 1873 ஸ்பிரிங்ஃபீல்ட் டிராப்டோர் (மேல்மூடியைத் திறந்து தோட்டா இடும்) கார்பைனின், அதாவது குட்டைக் குழல் துப்பாக்கியின், இத்தாலிய நகல் உள்ளது. இதுவரை 405 கிரெய்ன் (சிறு எடை அலகு) ஈயக் குண்டுக்கு 70 கிரெய்ன் கருமருந்து இட்டேன். துப்பாக்கி ஏறத்தாழ 7 பவுண்டுதான் என்பதால், இருபது முறை சுடுவதற்குள் தோள் கன்றிவிடுகிறது. அமெரிக்கக் குதிரைப்படை பயன்படுத்திய 55 கிரெய்னுக்கே மாற விரும்புகிறேன். ஆனால் அந்த அளவில் மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் எஞ்சுகிறது. அப்படியே விடலாமா?

மறுமொழி 1:
ஒருபோதும் விடாதீர்கள், ஐயா. கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடம் இருந்தால் குழலில் வளையம்போல் வீக்கம் விழக்கூடும். அன்றைய படைக்கலச் சாலையும் கார்பைன் தோட்டாவில் அந்த இடத்தை அட்டை வட்டுகளால் நிரப்பியது. நீங்களும் அவ்வாறே நிரப்பி, குண்டு வட்டுகளின் மீது இறுக்கமாக அமரும்படி செய்யுங்கள். 70 கிரெய்ன் என்பது 32 அங்குலத்துக்கும் மேற்பட்ட நீளமுள்ள ரைஃபிள் குழலுக்கானது. உங்கள் குழலோ 22 அங்குலம். இரண்டு தோட்டாக்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்ததால் 1877 முதல் கூட்டின் அடியில் ரைஃபிளுக்கு 'ஆர்', கார்பைனுக்கு 'சி' என்ற எழுத்தைப் பொறித்தார்கள். பிரிட்டிஷார் தங்கள் மார்டினி-ஹென்றி ரைஃபிளின் கார்பைன் வடிவத்துக்கு மருந்தை 85 கிரெய்னிலிருந்து 70 ஆகவும், குண்டை 480 கிரெய்னிலிருந்து 410 ஆகவும் சேர்த்தே குறைத்தார்கள். அமெரிக்கர் தொடக்கத்தில் மருந்தை மட்டுமே குறைத்தனர்.

மறுமொழி 2:
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். மூலக் குறிப்பிலுள்ள 55 கிரெய்ன் எடையளவு. நம்மில் பலர் அளவுக்குழாயால் கொள்ளளவை அளந்துவிட்டு அதையே எடையாகக் கருதுகிறோம். மருந்தின் அடர்த்தி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், முதல் முறையேனும் தராசில் நிறுத்துப் பாருங்கள். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துக்கு இதற்கு நேர்மாறான விதி: அதைக் கொள்ளளவால்தான் அளக்க வேண்டும், எடையால் அளந்தால் மிகையாகிவிடும். புகையில்லா மருந்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. மேலும், இன்றைய பித்தளைக் கூட்டின் அடிப்பகுதி தடித்தது. அன்றைய மடித்த செப்புக் கூட்டைவிட உள்ளிடம் குறைவு. எனவே வட்டுகளின் எண்ணிக்கையைப் பழைய தோட்டாவைப் பார்த்து அல்ல, உங்கள் கூட்டை அளந்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நான் குழாயால் அளந்துபார்த்த 55-ஐ எடையென்றே நம்பியிருந்தேன். தராசில் நிறுத்து, வட்டுகள் வைத்து, முதலில் ஐந்து தோட்டாக்கள் மட்டும் தயாரிக்கிறேன்.