பினாங்குல அம்மாவுக்கு சைவம், அப்பாவுக்கு மீன் – எங்க சாப்பிடலாம்?

திருச்சி பொண்ணு:
வணக்கம் மக்களே, அடுத்த மாசம் அப்பா அம்மாவ கூட்டிட்டு பினாங்கு போறோம், ஜார்ஜ்டவுன்ல ரூம் போட்டாச்சு. அம்மா சுத்த சைவம், முட்டை கூட தொட மாட்டாங்க. அப்பாவுக்கு மீன் எறா இல்லாம சோறு எறங்காது. வீடியோல காட்டுற கடை எல்லாம் ஒரே கூட்டம், ரெண்டு பேரையும் வெயில்ல லைன்ல நிக்க வைக்க முடியாது. அந்த ஊர் ருசிய அம்மாவும் கொஞ்சமாவது பாக்கணும்னு ஆசை, தெனம் இட்லி தோசைனு முடிச்சிட்டு வந்துடக் கூடாது.

பட்டர்வொர்த் மணி:
வாங்க தங்கச்சி. காலையில பசியாற லிட்டில் இந்தியா போயிடுங்க, வுட்லண்ட்ஸ் முழு சைவம், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலும் (1833ல கட்டுனது) பக்கத்துலயே, நடந்தே போயிடலாம். அப்பாவ கண்டிப்பா நாசி கண்டாருக்கு (சோத்து மேல பல கொழம்பு ஊத்தித் தர்ற சாப்பாடு) கூட்டிட்டுப் போங்க. கேம்ப்பல் ஸ்ட்ரீட் ஹமீதியா 1907லேர்ந்து நடக்குது. கோழிக் கொழம்பு, மீன் கொழம்புனு ஒவ்வொரு சட்டியிலேர்ந்தும் ஒரு கரண்டி மேல மேல ஊத்துவாங்க, எல்லாம் ஒண்ணா கலந்து சோறு ஊறி தட்டு ஓரத்துக்கு வந்து நிக்கும், அந்தக் கலவைதான் ருசியே. கொழம்பு நெறைய வேணும்னா 'பஞ்சிர்'னு சொன்னா போதும். பெரிய எறா, மீன் சினை, கணவாய் எடுக்குறதுக்கு முன்னாடி எத்தன வெள்ளினு (ரிங்கிட்ட இங்க அப்படித்தான் சொல்வோம்) கேட்டுக்குங்க, தட்டு வந்தப்பறம் கேட்டு புண்ணியம் இல்ல. மத்தியானக் கூட்டம் வர்றதுக்குள்ள போனா உக்கார எடம் கெடைக்கும். அம்மாவுக்கு அங்க வேணாம், வெண்டிக்கா கறி இருக்கும்தான் ஆனா கரண்டி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

சைவப் பயணி:
மணி அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். வெறும் கீரைனு நெனச்சு காங்கோங் சொன்னா பெலாச்சான் போட்டு வதக்கிருப்பாங்க, அது எறா அரைச்சு புளிக்க வச்சது. பழ ரோஜாக்னு பழத்த வெட்டி சாஸ்ல பெரட்டித் தருவாங்க, அந்த சாஸ்லயும் எறா விழுது உண்டு. ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி) மாவுல சில கடையில முட்டை சேப்பாங்க, அப்போம்லயும் (ஆப்பம்) அப்படித்தான், கேக்காம வாங்காதீங்க. சைனீஸ் சைவக் கடைங்க நெறைய இருக்கு, போர்டுல 素னு எழுதியிருக்கும், அங்க அம்மா அந்த ஊர் நூடுல்ஸ் எல்லாம் தைரியமா சாப்பிடலாம், முட்டை மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க. சைனீஸ் மாசத்துல 1ம் நாளும் 15ம் நாளும் நெறைய பேரு சைவம் இருப்பாங்க, அன்னைக்கு கூட்டமா இருக்கும்.

திருச்சி பொண்ணு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! சாயங்காலம் கர்னி டிரைவ் போகலாமா? அங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரலாமா?

பட்டர்வொர்த் மணி:
தாராளமா. அங்க ஒட்டுக்கடைங்க வரிசையா இருக்கும், முதல்ல மேசை புடிச்சு அம்மாவ உக்கார வச்சுட்டு நீங்க போய் ஆர்டர் பண்ணிட்டு வாங்க. அப்பாவுக்கு பசெம்பூர் வாங்கிக் குடுங்க, எறா வடை, டோஃபு, கணவாய்னு நம்ம கையால எடுத்துக் குடுத்தா வெட்டி வெள்ளரிக்கா போட்டு மேல இனிப்பும் காரமுமா சாஸ் ஊத்துவாங்க, இதுலயும் எடுக்குறத பொறுத்துதான் வெல. அசாம் லக்சா புளிப்பான நூடுல்ஸ் சூப், பூரா மீன்தான், அதுவும் அப்பாவுக்கு. சார் கொய் தியோ (வறுத்த அரிசி நூடுல்ஸ்) பல கடையில பன்னிக் கொழுப்புல வறுப்பாங்க, அப்பாவுக்கு ஆகாதுன்னா ஹலால் கடையா பாத்து வாங்குங்க.

சைவப் பயணி:
அம்மாவுக்கு செண்டோல் விட்றாதீங்க. தேங்காப்பால், குலா மலாக்கா (பனைவெல்லம் மாதிரி), பச்சையா நீள நீளமா மாவு, செவப்பு பீன்ஸ், மேல ஐஸ் துருவி போட்டு, வெயிலுக்கு அப்படி இருக்கும். பினாங்கு ரோட்டுலேர்ந்து பிரியுற லெபோ கெங் குவீ சந்துலதான் ஃபேமஸ், கூட்டம் இருக்கும் ஆனா லைன் சீக்கிரம் நகரும். பல கடை வாரத்துல ஒரு நாள் லீவு, அதனால கெளம்புறதுக்கு முன்னாடி ஹோட்டல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க.