ரொபஸ்டோ சுருட்டு பாதியில் கசக்கிறது: சரக்குக் கோளாறா, என் கோளாறா?

மாடிக்காற்று (சென்னை):
மச்சான் ஊருக்கு வந்தபோது மூன்று கியூபா சுருட்டு கொடுத்துவிட்டுப் போனார். ரொபஸ்டோ என்று பெயராம். கட்டைவிரல் தடிமன், அரைச் சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம். காய்ந்துவிடக் கூடாதே என்று பத்து நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். நேற்று மொட்டைமாடியில் ஒன்றைப் பற்றவைத்தேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிந்தது, பாதிக்கு மேல் வாயெல்லாம் காறல். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இது போலியா? நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெத்தலப்பெட்டி:
போலிதான், சந்தேகமே வேண்டாம். மிச்சம் இரண்டையும் தூக்கிப் போடுங்கள்.

உறையூர் இன்ஜினியர்:
தூக்கிப் போடாதீர்கள் தம்பி. இருபது நிமிடத்தில் முடித்தால் எந்த ரொபஸ்டோவும் கசக்கத்தான் செய்யும். அதற்கு முக்கால் மணி நேரமாவது கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நீங்கள் பீடி இழுக்கிற மாதிரி இழுத்திருக்கிறீர்கள். கங்கு சூடேறினால் இலை வறுபடாது, கருகும்.

இரண்டாவது தப்பு ஃபிரிட்ஜ். அது ஈரத்தை உறிஞ்சிவிடும். காய்ந்த சுருட்டு வேகமாகவும் கோணலாகவும் எரியும். சுருட்டுக்கு 65 முதல் 69 சதவீத ஈரப்பதம் போதும். காற்றுப் புகாத டப்பாவில் அந்த அளவுக்கான ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மிச்ச இரண்டையும் இரண்டு மூன்று வாரம் மறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் உங்கள் ஊரில் நேர்மாறான தொல்லை வரும்: இலை ஊறிப் போய் இழுக்கவே முடியாது.

நான் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். ஹவானாவில் ஒருமுறை தெருவில் ஒருவன் "என் அண்ணன் ஃபேக்டரியில் வேலை செய்கிறான்" என்று சொல்லி ஒரு பெட்டியைத் தலையில் கட்டினான். கண்ணாடி மூடி போட்ட அழகான பெட்டி. கியூபாவில் அப்படி ஒரு பெட்டியே வருவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆத்திரத்தில் ஒன்றை பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே நறுக்கித் தள்ளிய தூள் இலை, நடுவில் விரற்கடை நீளத்துக்கு ஒரு காம்பு. நல்ல சுருட்டைக் கீறினால் அடிமுதல் நுனிவரை முழு நீள இலைகளாக மடித்து வைத்திருப்பார்கள். காசு போனது போகட்டும், அந்த ஒரு கீறல் கற்றுக்கொடுத்ததை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொன்னதில்லை.

கீறாமல் பார்க்க வேண்டுமென்றால் அடிமுதல் நுனிவரை மெல்ல விரலால் அழுத்துங்கள். பதமான சப்போட்டா மாதிரி ஒரே சீராகக் கொடுக்க வேண்டும். கட்டி தட்டினால் அங்கே புகை அடைக்கும், பள்ளம் விழுந்தால் அங்கே சூடேறும். மேலிலையில் லேசான எண்ணெய்ப் பளபளப்பு நல்லது. வாய்ப்பக்க முனையை வெட்டிய பின், பற்றவைக்காமலே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். காற்று வராமல் மல்லுக்கட்டினால் சுற்றியவர் இலையை இறுக்கிவிட்டார் என்று அர்த்தம்.

எரியும்போது சாம்பலைத் தட்டிவிட்டுக் கங்கைப் பாருங்கள். பம்பர முனை மாதிரி கூம்பாக இருந்தால் சுற்றியவர் கைகாரர். செடியின் உச்சியில் பறித்த ‘லிகேரோ’ இலை காட்டமானது, மெதுவாக எரிவது. அதை நட்டநடுவில்தான் வைக்க வேண்டும். அது ஓரம் ஒதுங்கினாலும் உங்களுக்கு நடந்த மாதிரி ஒரு பக்கம் ஓடும். சுற்றிலும் ‘செகோ’ இலை மணத்துக்கு, அடி இலையான ‘வொலாடோ’ தீ அணையாமல் இருக்க. ரொபஸ்டோவுக்கு அளவு 50 என்பார்கள். ஒரு அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50, அதாவது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். அந்தத் தடிமன் இருப்பதால்தான் இத்தனை வகை இலையும் உள்ளே உட்காருகிறது, புகையும் குளிர்ச்சியாக வருகிறது. ஆனால் நீளம் 124 மில்லிமீட்டர்தான். தீ சீக்கிரமே உதட்டுப் பக்கம் வந்துவிடும், அதனால் கடைசி மூன்றில் ஒரு பங்கை இன்னும் நிதானமாக இழுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது பார்தகாஸ் சீரி டி நம்பர் 4 என்ற கியூபாச் சுருட்டு, அதுவும் இதே அளவு.

சாம்பல் வெள்ளையாக இருந்தால் ஒசத்தி என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அது மண்ணைப் பொறுத்தது.

அப்புறம், எங்கள் உறையூர்ச் சுருட்டு இரு முனையும் திறந்திருக்கும், பற்றவைக்க வேண்டியதுதான். நம் ‘சுருட்டு’ என்ற சொல்தான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. கியூபாச் சுருட்டுக்கு ஒரு முனையில் தொப்பி உண்டு. அதில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள், கீழே இறங்கினால் மேலிலை பிரிந்துவிடும்.

பல்லாண்டு:
பல் மருத்துவம் பார்ப்பவன். புகையை உள்ளே இழுக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று யாரும் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது, நிகோடின் வாய்த் தோல் வழியாகவே ஏறிவிடும். வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் உண்டு.

உறையூர் இன்ஜினியர்:
டாக்டர் சொல்வது சரி. நான் இப்போது மாதம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஒன்றும் மகள் ஊரில் இல்லாத நாளில்தான்.

மாடிக்காற்று (சென்னை):
மூன்று வாரம் டப்பாவில் வைத்து இரண்டாவதைப் பற்றவைத்தேன். கடிகாரம் பார்த்து 55 நிமிடம். கடைசிவரை கசக்கவில்லை, நடுவில் வறுத்த கொட்டை மாதிரி ஒரு மணம். கங்கு கூம்பாகத்தான் இருந்தது சார். வெட்டும்போது கை தவறிக் கொஞ்சம் கீழே வெட்டிவிட்டேன், மேலிலை பிரிந்து தொங்கியது. அதை எச்சில் தொட்டு ஒட்டலாமா?

உறையூர் இன்ஜினியர்:
ஒட்டலாம். நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.