புதுப்பிப்பு: இணை நிறுவனர் கிடைத்துவிட்டார்
திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஜாப் ஒர்க் (சாயம் போடுவது, தைப்பது போன்றவற்றை வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கணக்கைப் பார்க்கும் எங்கள் செயலிக்கு, நிரல் எழுதத் தெரிந்த இணை நிறுவனரை எங்கே தேடுவது என்று 3 மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டார். முன்பு என்னோடு வேலை பார்த்தவர்தான். பழைய ஆட்களிடம் முதலில் கேளுங்கள் என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் 6 வாரம் சேர்ந்து வேலை செய்து பார்த்தோம். முதல் நாளே என்னோடு சாயப்பட்டறைக்கு வந்தவர், சரக்கோடு வரும் டெலிவரி சலான்களின் பின்பக்கம் பென்சிலில் குறித்திருந்த எடைக் குறைவுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். 2 வருடமாக நான் திருப்பிக்கூடப் பார்க்காத பக்கம் அது! அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய 40 சதவீதப் பங்கு 4 ஆண்டுகளில் படிப்படியாகச் சேரும். முதல் ஆண்டுக்குள் விலகினால் எதுவும் கிடையாது. எனக்கும் அதே நிபந்தனைதான். சம்பளம் மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.