உடனுண்ணலா, உடன்பந்தியா?

கடலூரிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலுக்கு நாங்கள் எழுதும் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கமென்சலிசம்' மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. அது இரண்டு உயிரினங்களுக்கு இடையிலான ஓர் உறவு. அதில் ஒன்றுக்கு நலம் கிடைக்கிறது. மற்றதற்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வகுப்பில் 'உடனுண்ணல்' என்றேன். மாமரக் கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிட், மரத்துடன் சேர்ந்து எதை உண்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

புதுச்சேரியிலிருந்து:
அம்மா, அந்தச் சொல்லின் வேரிலேயே சாப்பாடு இருக்கிறது. இலத்தீனில் 'மென்சா' என்றால் மேசை. பிரெஞ்சில் 'கொமான்சால்' என்பவர் ஒரே மேசையில் உண்பவர். பெல்ஜிய விலங்கியலாளர் வான் பெனடன் 1870களில் அதை உயிரினங்களுக்கு ஏற்றிச் சொன்னார். அவர்களுக்கு மேசை, நமக்குப் பந்தி. 'உடன்பந்தி' என்று வையுங்கள். பந்தியில் அமர்ந்தவர் பக்கத்து இலையில் கைவைப்பதில்லை. அந்தத் தீங்கின்மை 'உடனுண்ண'லில் ஒலிக்கவில்லை.

சிதம்பரத்திலிருந்து:
'பந்தி' வடமொழிப் 'பங்க்தி'யின் திரிபு. புதிதாக ஆக்கும் சொல்லையாவது நம் வேரிலிருந்து ஆக்குவோம். 'ஒருநலச் சார்பு' போதும். இரண்டுக்கும் நலம் தரும் உறவான மியூச்சுவலிசத்துக்கு 'இருநலச் சார்பு' தானாக அமைந்துவிடும்.

கடலூரிலிருந்து:
ஐயா, ஒட்டுண்ணி உறவிலும் நலம் ஒன்றுக்குத்தானே? நாயின் காதில் இருக்கும் உண்ணியையும் மாணவர்கள் ஒருநலச் சார்பு என்றே எழுதிவைப்பார்கள்.

புதுச்சேரியிலிருந்து:
உண்ணி என்றதும் பாகூர் ஏரிக்கரை நினைவுக்கு வருகிறது. மேயும் மாட்டின் குளம்படியில் கிளம்பும் பூச்சிகளைக் கொக்கு பிடித்துத் தின்கிறது. மாட்டுக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு நாம் இட்ட பெயர் உண்ணிக்கொக்கு! மாட்டின் மேலுள்ள உண்ணியை அது பொறுக்கும்போது உறவு இருநலமாகிவிடுகிறது. இன்னொன்று: 'ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே' என்கிறது தொல்காப்பியம். அதாவது, 'ஒடு' உயர்ந்தவர் பெயரின் பின்னே வரும். அரசரொடு இளையர் வந்தார் என்போம். இளையரொடு அரசர் வந்தார் என்பதில்லை. அதுபோல மாட்டொடு கொக்கு போகிறது, கொக்கொடு மாடு போவதில்லை. இந்த ஒருபக்கச் சார்பு, 'ஒடு'வின் பொருளையே தரும் 'உடன்' என்பதற்குள்ளும் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

சிதம்பரத்திலிருந்து:
'உடன்' இருக்கட்டும். பந்தியை ஏற்க மாட்டேன்.

கடலூரிலிருந்து:
ஞாயிறு இரவாகிவிட்டது. குழுவில் நால்வர் இசைந்திருப்பதால் 'உடனுண்ணல்' என்றே அனுப்புகிறேன். ஆர்க்கிட்டுக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள் அம்மா. அடுத்த பதிப்புக்கு முன் 'உடன்பந்தி'யோடு மறுபடி வருவேன்.