நந்தினி என்ற பெயரில் பொடி வியாபாரம்: பெங்களூரில் சிக்கல் வருமா?

அல்சூர்வாசி:
வணக்கம். நானும் என் நாத்தனாரும் வீட்டிலிருந்தே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, கொஞ்சம் ஊறுகாய் எல்லாம் போட்டு விற்கிறோம். இதுவரை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவோடு சரி, தனியாகப் பெயர் கிடையாது, 'மூணாவது மாடி பொடி' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இப்போது அல்சூர் மார்க்கெட் பக்கம் சின்னதாக ஒரு கடை கிடைத்திருக்கிறது, பார்ட்னர்ஷிப்பாகப் பதிவு செய்யப் போகிறோம். என் பெண் பெயர் நந்தினி, அதனால் 'நந்தினி ஹோம் ஃபுட்ஸ்' என்று வைக்க வீட்டில் ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி' பால் பாக்கெட்டைக் காட்டிச் சிரிக்கிறார். ஆனால் ஜிஎஸ்டி விண்ணப்பத்தில் அந்தப் பெயரைப் போட்டால் எடுத்துக்கொள்கிறது, ஆடிட்டர் ஆபீஸ் பையனும் பார்ட்னர்ஷிப்புக்கு எந்தப் பெயரும் வைக்கலாம் என்கிறான். லேபிள் அச்சுக்குப் போகும் முன் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கர்:
அச்சுக்குக் கொடுக்காதீர்கள், முதலில் அது. ஜிஎஸ்டியில் வர்த்தகப் பெயர் என்ற கட்டத்தில் நீங்கள் எதைப் போட்டாலும் ஏறும், அது வரி கட்டுபவரின் அடையாளத்துக்காக இருக்கும் கட்டம், பெயரின் மேல் உங்களுக்கு உரிமை தருவதில்லை. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, கடைப் பதிவு, கரண்ட் அக்கவுண்ட் எல்லாம் அப்படித்தான். பார்ட்னர்ஷிப் விஷயத்தில் அந்தப் பையன் சொன்னது பாதி சரி. 1932 கூட்டாண்மைச் சட்டம் அரசு ஆதரவு இருப்பதுபோலத் தோன்றும் சொற்களைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது, இன்னொருவரின் டிரேட்மார்க்கோடு மோதுகிறதா என்று அங்கே யாரும் உங்களுக்காகப் பார்த்துத் தர மாட்டார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் பெயர் ஒதுக்கும்போது கொஞ்சம் வடிகட்டுவார்கள், ஆனால் அப்படிக் கிடைத்த பெயரையும், கம்பெனி தொடங்கி 3 வருடத்துக்குள் டிரேட்மார்க் உரிமையாளர் மனுப் போட்டு மாற்ற வைக்க முடியும், 2013 கம்பெனிச் சட்டம் 16-ஆம் பிரிவு.

நீங்கள் பார்க்க வேண்டியது 1999 டிரேட்மார்க் சட்டம். அதில் 29(5) என்று ஒன்று இருக்கிறது: வேறொருவர் பதிவு செய்த மார்க்கை, அவர் பதிந்திருக்கும் அதே வகைச் சரக்குக்கு உங்கள் கடைப்பெயராகவோ அதன் பகுதியாகவோ வைத்தாலே மீறல். பெங்களூரிலும் புட்டபர்த்தியிலும் 'சாய் ரினைசன்ஸ்' என்று ஹோட்டல் நடத்தியவர்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் இந்தப் பிரிவையும் வைத்துத் தீர்ப்புச் சொன்னது. 'ரினைசன்ஸ்' இன்னொரு ஹோட்டல் நிறுவனம் பதிந்திருந்த மார்க், முன்னால் 'சாய்' சேர்த்தது அவர்களைக் காப்பாற்றவில்லை.

அல்சூர்வாசி:
சார், ரொம்ப நன்றி, பயமாகவும் இருக்கிறது. ஆனால் இது கம்பெனி பெயரைப் பார்த்து வைத்ததில்லையே, பெற்ற பெண்ணின் பெயர். சொந்தப் பெயர் என்றால் விலக்கு உண்டு என்று எங்கோ படித்தேன். அதோடு 'நந்தினி' பெயரில் ஊர் முழுக்க ஆந்திரா சாப்பாட்டு ஹோட்டல் நடக்கிறதே, அவர்கள் எப்படி?

ஜெயநகர் வக்கீல்:
விலக்கு இருக்கிறது, 35-ஆம் பிரிவு. ஆனால் அது வியாபாரம் செய்பவரின் சொந்தப் பெயருக்கும், அவருக்கு முன் அதே வியாபாரத்தை நடத்தியவரின் பெயருக்கும்தான், அதுவும் நேர்மையான பயன்பாடாக இருக்க வேண்டும். பெண் பெயருக்கு நீட்டினால் தாங்காது. அவளைப் பார்ட்னராகச் சேர்த்துவிடலாமே என்று அடுத்து யாராவது யோசனை சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஹோட்டல் கேள்வி நல்ல கேள்வி, ஏனென்றால் அது உங்கள் கேள்விக்கே நேரடி வழக்கு. கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் 'நந்தினி' பெயரைப் பயன்படுத்துகிறது, 'நந்தினி டீலக்ஸ்' ஹோட்டல் 1989-இல் வந்தது. ஹோட்டல்காரர்கள் தங்கள் பெயரை உணவுப் பொருள்களுக்கும் பதிவு செய்யப் போனபோது கூட்டமைப்பு எதிர்த்தது. மேல்முறையீட்டு வாரியத்திலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்ற ஹோட்டல்காரர்கள், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். நந்தினி என்பது தெய்வத்தின் பெயர், புராணப் பசுவின் பெயர், யாரும் கற்பனையில் உண்டாக்கிய சொல் இல்லை, இரண்டு லோகோவும் வேறு, சரக்கும் வேறு, டிரேட்மார்க் பதிவுக்காகச் சரக்குகளைப் பிரித்திருக்கும் ஒரே வகுப்புக்குள் வந்தாலே இரண்டும் ஒரே சரக்கு என்று ஆகிவிடாது என்றது நீதிமன்றம். ஆனால் பால், பால் பொருள்களுக்கு ஹோட்டல்காரர்களுக்குப் பதிவு கிடையாது, அந்தக் கோரிக்கையை அவர்களே கைவிட்டிருந்தார்கள்.

அதனால் பொடிக்கு நந்தினி வைத்தால் உடனே தோற்பீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், வாதாட இடம் இருக்கிறது. ஆனால் உணவுப் பொருளுக்கு அதே பெயரில் இப்போது ஒருவர் இல்லை, பெரிய கட்சிக்காரர் இரண்டு பேர் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயிக்க அவர்களிடம் பணமும் வருடங்களும் இருந்தன. ஒன்று கேட்கிறேன், பொடியோடு நெய் விற்கும் எண்ணம் உண்டா?

அல்சூர்வாசி:
உண்டு சார். இட்லிப் பொடியும் சின்னப் பாட்டில் நெய்யும் சேர்த்து ஒரு செட்டாகப் போடலாம் என்று நாத்தனார் யோசனை.

ஜெயநகர் வக்கீல்:
அப்போது நந்தினியை விட்டுவிடுங்கள் அம்மா. இந்த ஊரில் நெய் பாட்டிலில் அந்தப் பெயர் இருந்தால் வாங்குபவர் யாரை நினைப்பார் என்று கேட்கவே வேண்டாம்.

ஸ்ரீராமபுரம் தம்பி:
ஏன் சார் இவ்வளவு, 'நந்தினியம்மா', இல்லாவிட்டால் ஒரு h கூடச் சேர்த்து எழுதினால் போச்சு. எங்கள் தெருவில் பிரபலமான மிட்டாய்க் கடைப் பெயரில் ஒரு எழுத்து மாற்றி வைத்துப் பல வருடமாக ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை.

பழைய கணக்கர்:
தம்பி, நோட்டீஸ் வராத கடையைத்தான் நீ பார்க்கிறாய். வந்த கடை போர்டை மாற்றிவிட்டதால் கண்ணில் படாது. காதுக்கு ஒன்றாகக் கேட்டால் எழுத்துக் கணக்கு உதவாது. 'அம்ருத்தாரா', 'லக்ஷ்மண்தாரா' இரண்டுமே குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அக்காவுக்கு: 'சுத்தமான பொடி', 'பெங்களூர் மசாலா' என்று சரக்கையோ ஊரையோ சொல்லும் பெயருக்கும் போகாதீர்கள். 9-ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும், தப்பித்தவறிப் பதிவானாலும் நாளை இன்னொருவர் வைப்பதைத் தடுக்க முடியாது. என்னைக் கேட்டால் உங்கள் பெயர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, 'மூணாவது மாடி'. பொடிக்கும் மாடிக்கும் சம்பந்தமே இல்லை, டிரேட்மார்க்குக்கு அதுதான் பலம். பழைய வாட்ஸ்அப் ஆர்டர்கள், பணம் வந்த ரசீதுகள் எல்லாம் இருக்கும், அழிக்காமல் வையுங்கள். எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறோம் என்று விண்ணப்பத்தில் போட்டால் பிரமாணப் பத்திரத்தோடு அந்தச் சான்றையும் கேட்பார்கள். நாளைக்கு ஒருவர் அதே பெயரைப் பதிவு செய்துகொண்டு வந்தாலும் முன்னால் பயன்படுத்தியவருக்கு 34-ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு.

அல்சூர்வாசி:
வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், கடை தரைத்தளத்தில் இருக்கிறதே என்று! நாத்தனாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டிரேட்மார்க் இணையதளத்தில் 30-ஆம் வகுப்பில் சொல்லாகவும் ஒலியாகவும் தேடினேன், அதே பெயர் வரவில்லை. ஊறுகாய்க்கும் அதுவே போதுமா? போர்டில் தமிழும் எழுதலாமா?

ஜெயநகர் வக்கீல்:
போதாது. பொடி, மசாலா 30, ஊறுகாயும் நெய்யும் 29, ஆகவே 29-இலும் தேடுங்கள். மூணாவது, மூன்றாவது, மூணாம், ஆங்கிலத்தில் ஒற்றை o, இரட்டை o என்று எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். 'கைவிடப்பட்டது' என்று காட்டும் பெயரையும் ஒதுக்காதீர்கள், விண்ணப்பம் போனாலும் கடை ஓடிக்கொண்டிருக்கலாம், பதிவே இல்லாதவரும் பாஸிங் ஆஃப் வழக்கு, அதாவது தன் சரக்குபோலக் காட்டி விற்கிறார்கள் என்ற வழக்குப் போடலாம். அதனால் கூகுள் மேப், அமேசான், இன்ஸ்டாகிராமிலும் ஒரு தடவை தேடிவிடுங்கள். ஆன்லைனில் போட்டால் சிறு நிறுவனத்துக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், இல்லாவிட்டால் 9,000. பார்ட்னர்ஷிப்புக்கு அந்தச் சலுகை வேண்டுமென்றால் உத்யம் சான்றிதழை முதலில் எடுத்து வையுங்கள். கர்நாடகத்துக்குச் சென்னை அலுவலகம்தான், ஆன்லைன் என்பதால் கிண்டிக்கு அலைய வேண்டாம். லோகோவை விடச் சொல்லையே முதலில் பதிவு செய்யுங்கள், லோகோ மாறிக்கொண்டே இருக்கும்.

போர்டில் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல்பகுதியில். கர்நாடகத்தின் கன்னட மொழிச் சட்டத்தில் வந்த 2024 திருத்தத்துக்கு அப்புறம் இதில் பேச்சே இல்லை. மிச்ச இடத்தில் தமிழோ ஆங்கிலமோ உங்கள் விருப்பம்.

அல்சூர்வாசி:
சரி சார், 29-ஐயும் பார்த்துவிட்டு இந்த வாரமே போடுகிறோம். லேபிளில் வட்டத்துக்குள் ஆர் போடலாமா?

பழைய கணக்கர்:
கூடாது அக்கா, பதிவான பிறகுதான். இப்போதைக்கு டிஎம் போடுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். விண்ணப்பம் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான பின் எதிர்ப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு 4 மாதம் இருக்கிறது, அதனால் லேபிளைக் கொஞ்சமாக அச்சடியுங்கள். அப்படியே ஜெயநகருக்கு டெலிவரி உண்டா என்றும் சொல்லுங்கள்.