அலை உயரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி வருது

கேள்வி:
அப்பா நாகப்பட்டினத்துல விசைப்படகு ஓட்டுறார். அவர் போன்ல பார்க்க, கடல் வானிலைத் தரவு தர்ற ஓப்பன்-மீட்டியோ கடல் ஏபிஐயை வச்சு, ரியாக்ட்ல (வலைப்பக்கம் செய்யுற கருவி) ஒரு பக்கம் செஞ்சேன். காலை 5:30 மணிக்கான அலை உயரத்தை 0:00 மணிக்குரியதுன்னு காட்டுது. இதை நம்பித்தான் அவர் கிளம்புவார், பயமா இருக்கு.

பதில்:
தம்பி, எந்த நேர மண்டலம்னு கேட்காவிட்டால் அந்த ஏபிஐ கிரீன்விச் நேரம்தான் தரும். அதுல நேர மண்டலக் குறிப்பும் இருக்காது. அதனால பிரவுசர் அதை உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும். ஏபிஐயைக் கேட்கும்போது டைம்சோனுக்கு (நேர மண்டலம்) ஏசியா/கொல்கத்தா கொடுங்க. நீங்களா 5:30 கூட்டாதீங்க.

இன்னொரு பதில்:
கடல்ல சிக்னல் போயிடும். கடைசியா வந்த தரவை லோக்கல் ஸ்டோரேஜ்ல (போன் பிரவுசரோட சேமிப்பு இடம்) வச்சு, எடுத்த நேரத்தைப் பெருசா காட்டுங்க. கரையோரத்துல இந்தக் கணிப்பு அவ்வளவு துல்லியமில்லை. இன்காய்ஸ் (இந்திய அரசின் கடல் தகவல் மையம்) எச்சரிக்கையும் பார்க்கச் சொல்லுங்க.

கேட்டவர்:
சரியாயிடுச்சு அண்ணா. எழுத்தையும் பெருசாக்கிட்டேன், அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார்.