எட்டாத இடத்தில் ஒரு ஸ்பிரிங் கிளாம்ப்: எந்தக் குறடு வாங்கலாம்?

நண்பர்களே, என் காரில் ரேடியேட்டரின் கீழ்க் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் கூலன்ட் கசிகிறது. குழாயை மாற்றுவது பெரிய வேலையில்லை. அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளாம்ப்தான் (இரண்டு காதுகளையும் சேர்த்து அழுத்தினால் விரியும் கம்பி வளையம்) இரண்டு நாளாக என்னை வாட்டுகிறது. அதன் இரண்டு காதுகளும் உள்பக்கம் திரும்பியிருக்கின்றன. சாதாரணக் குறடு உள்ளே போகிறது, வாயைத் திறக்கத்தான் இடமில்லை. ஒருமுறை எப்படியோ பிடித்தேன். பாதி அழுத்தியதும் வழுக்கிப் புறங்கையைக் கிழித்துவிட்டது.

நீண்ட கேபிளின் முனையில் பிடிவாய் உள்ள கிளாம்ப் குறடு இதற்கென்றே கிடைக்கிறது. பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: கிளாம்பை விரித்த நிலையிலேயே பூட்டி நிறுத்த முடிகிறதா? கேபிள் வளைந்திருக்கும்போது பிடி தளர்கிறதா? 60 செ.மீ. நீளம் போதுமா?

திருகு கிளாம்ப் போட்டுவிடு என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குழாய் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும். ஸ்பிரிங் கிளாம்ப் கூடவே இறுகிக்கொடுக்கும், திருகு அப்படியே நிற்கும்.

இன்னொன்று: பழைய குழாய் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தோடு ஒட்டிப்போயிருக்கிறது. முறுக்கினால் கழுத்து உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வளைந்த கொக்கிக் கருவியால் நெம்புவது நல்லதா, குழாயை நீளவாக்கில் கீறி உரிப்பது நல்லதா?